இரண்டாவது உத்தரவாதம்

சட்டன்
5 அக்டோபர் 2025

அன்புள்ள மாறா,

நலமா? நீலாவின் முழங்கால் வலி குறைந்ததா? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஷாட்கன் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு ஒருவர் உத்தரவாதம் தந்தால் போதும். இப்போது விதியை மாற்றிவிட்டார்கள், இரண்டு பேர் வேண்டுமாம். எவனோ எங்கேயோ மனிதர்களைச் சுட்டான் என்பதற்காக, பந்தயத்தில் வானில் எறியும் களிமண் தட்டைத் தவிர எதையும் சுடாத நான் அலைய வேண்டியிருக்கிறது. துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் ஒருவர். இன்னொருவர் நீதான். மலேசியாவின் ஈப்போவிலிருந்து லண்டனுக்கு ஒன்றாகப் படிக்க வந்தோம், உன்னைவிட என்னை அறிந்தவர் யார்?

மங்கை கண்மூடி வீட்டில் நான் தனியாளான பிறகு, விரும்பிப் போகும் ஒரே இடம் அந்தக் கிளப் மைதானம். அங்கே யாரும் என்னைப் பாவமாகப் பார்ப்பதில்லை.

உன் பெயரைப் போடட்டுமா?

உன்
வெங்கடாசலம்


சவுத்தால்
19 அக்டோபர் 2025

அன்பு வெங்கட்,

கோபிக்காதே, ஆபீசில் ஆடிட் நேரம். நீலா நடக்கிறாள், படி ஏறத்தான் முணுமுணுக்கிறாள். உனக்கு மிளகாய்ச் சம்பால் அரைத்து வைத்திருக்கிறாள்.

சட்டத்தைத் திட்டுகிறாய். கொஞ்சம் கடுமையாக இருந்தால்தான் என்ன? இந்த வயதில் துப்பாக்கி எதற்கு, கோல்ஃப் ஆடக்கூடாதா என்று நீலா கேட்கிறாள்.

பெயரைப் போட்டுக்கொள். கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்
திருமாறன்


சட்டன்
14 டிசம்பர் 2025

மாறா,

மறுத்துவிட்டார்கள். நேற்று போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி திரையை விலக்கி நின்று பார்த்தாள். ஓய்வு பெறும்வரை மருந்துக்கடையில் மார்ஃபின் அலமாரியின் சாவியை என்னிடம்தான் நம்பிக் கொடுத்தார்கள். இன்று நான் ஆபத்தானவன்!

வந்த அதிகாரியிடம் காரணம் கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தான், சார்" என்றாள். டாக்டர் ஏதாவது சொன்னாரா என்றேன். இல்லையாம். செயலாளரோ எனக்காக அப்பீலுக்கு எழுதித் தருகிறேன் என்கிறார். மிச்சம் நீ மட்டும்தான்.

அவர்களிடம் என்ன சொன்னாய்?

வெங்கடாசலம்


சவுத்தால்
20 டிசம்பர் 2025

வெங்கட்,

ஆமாம், நான்தான்.

மங்கையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே நீ சொன்னாய்: "காலையில எதுக்கு எழுந்திரிக்கிறேன்னே தெரியல மாறா. துப்பாக்கி அலமாரியத் திறந்தா ஒரு நிமிஷ வேலை." நான், "சும்மா இருடா" என்று சிரித்து மழுப்பினேன். அதன் பிறகு உன் பெயர் போனில் வந்தாலே அதைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். எடுத்தால் என்ன கேட்க நேருமோ என்று பயந்து எடுக்காமலே விட்டேன்.

போலீஸ் கேட்டபோது எனக்குப் பொய் வரவில்லை. நீ உயிரோடு இருந்து என்னைத் திட்டினால் எனக்குப் போதும்.

திருமாறன்


சட்டன்
4 ஜனவரி 2026

மாறா,

சொன்னேன், உண்மைதான். அப்பீல் செய்யப் போவதில்லை. சட்டத்தோடு சண்டை போட்டு அலுத்துவிட்டது.

ஆனால் அன்று நான் அதைச் சுவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொன்னேன். முன்பின் தெரியாத அந்தப் போலீஸ்காரி என் சோபாவில் உட்கார்ந்து, "ராத்திரியில தூங்குறீங்களா?" என்று கேட்டாள். மங்கை போனதிலிருந்து என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள். நீ என்னைப் பற்றி அவர்களிடம் பேசினாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

துப்பாக்கி போனதுகூட ஆறிவிடும். இது ஆறவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே, பிரிக்க மாட்டேன். கேட்க வேண்டியதை நேரில் வந்து கேள். கதவைத் திறப்பேனா என்று இப்போது எனக்கே தெரியாது. நீ வந்து மணியை அடி.

வெங்கடாசலம்