ஜுபைல் பாட்டில் கம்பெனி சுவிட்ச்

ஜுபைல், சவுதி, 2006

அன்புள்ள அம்மாவுக்கு, தவுபிக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரை சாப்பிடுறீகளா?

இங்கன மெஷின், கேமரா, ஆபீஸ் வயரெல்லாம் சுவிட்ச்ங்கிற ஒரே பெட்டியில வந்து சேரும். நேத்து அதை மூணு தனி நெட்வொர்க்கா பிரிச்சேன். கைதவறி என் கம்ப்யூட்டரையும் கேமரா பக்கம் சேத்துட்டேன். அதோட அந்தப் பெட்டி எனக்கு மட்டும் பதில் சொல்லல. "எல்லாம் ஓடுது, நீ ஏன் முழிக்கிறே?"ன்னு மேனேஜர் சிரிச்சார். பெட்டிகிட்டயே போய் நேரா வயர் மாட்டிச் சரிபண்ணிட்டேன். நானும் சிரிச்சேன். ரூமுக்கு வந்தா சோறுதான் இறங்கல.

ஊருக்கு வந்திருக்கிற சாபிர் லீவு முடிஞ்சு இங்க வரும்போது சாத்தூர் சேவு குடுத்துவிடுங்க. போன வாரம் போன்ல என் குரலைக் கேட்டு சுமைரா "அத்தா"ன்னு அழுததும் உங்க மருமக யாஸ்மின் போனை வச்சுட்டா. இனி பிள்ளை அழுதாலும் பரவாயில்ல, வைக்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லுங்க.

கம்பெனி பஸ் வந்துருச்சு.

உங்க மகன்
தவுபிக்