சுருங்கிய மோதிரம்

செவ்வாய்க்கிழமை

வெள்ளித் தூளைக் குழைத்த வெள்ளிக் களிமண்ணில் நான் செய்த முதல் மோதிரத்தை இன்று காஸ் அடுப்பில் சுட்டேன். சுட்டால் சுருங்கும் என்று வீடியோவில் சொன்னார்கள்தான். இவர்களுக்கு என்ன தெரியும் என்று என் விரல் அளவுக்கே செய்துவிட்டேன். சுட்டபின் போட்டுப் பார்த்தால் பாதி விரலிலேயே இறுகி நின்றது.

எனக்கு மாப்பிள்ளை தேடுவதே தொழிலான சாவகச்சேரி மாமி, கை நிறையத் தங்கக் காப்போடு வந்து பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளி காலுக்குத்தானே பிள்ளை. கையிலை போட்டால் நகையெல்லாம் வங்கியிலை அடைவிலை கிடக்குதெண்டு சனம் கதைக்கும்."

மாமியின் உலகம் மணிக்கட்டில் தொடங்கி முழங்கையோடு முடிந்துவிடும்.

அவர் போனதும் மோதிரத்தைக் கழற்றிக் கால்விரலில் போட்டேன். அளவெடுத்ததுபோல் இருந்தது. கலியாணமாகாதவளுக்கு மெட்டியா என்று நாளைக்கு மாமிக்கு மயக்கம் வரும். வரட்டும். அவர் சொன்னபடி காலில்தானே போட்டிருக்கிறேன்.