சத்திரத்தில் நிற்கும் மருத்துவச்சி

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் ஆட்டம் இல்லை. என் அறைக்கு இன்டர்நெட் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தோழி குண்டூசிக்குப் போன் செய்தால், "இந்த வாரம் வேணாம்டி, ஆபீஸ்ல உயிர எடுக்குறாங்க" என்கிறாள். நர்ஸுக்கு டியூட்டி. மருந்துக்கடைக்காரி போனையே எடுக்கவில்லை. சரி, அவரவர் பிழைப்பு அவரவருக்கு.

விடுதியில் ஒரே அறையில் இருந்தபோது தொடங்கிய கம்ப்யூட்டர் ஆட்டம் இது. ஒன்பது வருடமாக நாலே பேர். குண்டூசி வில்லாளி, நர்ஸ் கவசம் போட்ட வீராங்கனை, மருந்துக்கடைக்காரி திருடி, நான் மருத்துவச்சி. ஆட்டத்தோடு வந்த முகங்கள் எல்லாம் பொம்மைக் கடை மூஞ்சிகள். அதனால் எங்கள் நாலு பேர் முகத்தையும் நானே வரைந்து உள்ளே வைத்தேன். ஸ்டூடியோவில் நாள் முழுக்க பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிறவளுக்கு அது கைவந்த வேலை.

ஜனவரி 17 அன்று என்னை இந்த ஊர்க் கிளைக்குத் தூக்கிப் போட்டார்கள். பஸ் ஏறும்போது குண்டூசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வர்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம். ஆட்டத்துல அந்தப் பாழ்கோட்டை வாசல்லயே நிப்போம்" என்றாள். நர்ஸ் மூக்கைச் சிந்தினாள்.

மார்ச் 4, செவ்வாய்

ரகசிய வேலை ஆரம்பம். "கிழவியானாலும் இதத்தான்டி ஆடிட்டிருப்போம்" என்று நர்ஸ் அடிக்கடி சொல்வாள். நாலு பேரையும் எழுபது வயதில் வரைகிறேன். மறுபடி சேரும் அன்று காட்ட வேண்டும். குண்டூசிக்கு மோவாயில் ஒரே ஒரு நரைமுடி வைத்தேன். கொன்றுவிடுவாள்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த ஞாயிறும் இல்லை. நர்ஸின் கொண்டை முடிந்தது. அழகான கிழவி.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. முகப்படம் பற்றி யார் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். அங்கே என் பெயர் 'கத்திரிக்கோல்'. காலையில் புதிதாக ஒரு பெண் கேட்டிருந்தாள்: "சார், என் போட்டோ போட்டா வரவே மாட்டேங்குது. மத்தவங்களுக்கெல்லாம் சூப்பரா இருக்கு, எனக்கு மட்டும் சாம்பல் நிழல். உதவி பண்ணுங்க." கூடவே திரையைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள்.

வில்லாளி. வீராங்கனை. திருடி. நாலாவது இடத்தில் சாம்பல் நிழல்.

நான் வரைந்த முகங்கள். நர்ஸின் இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும் — நான்தான் அப்படி வரைந்தேன், அவள் புருவமே அப்படித்தான். பின்னால் தெரிவது பாழ்கோட்டை வாசல் இல்லை. கோட்டை முடிந்து, பனிமலையும் முடிந்து, கடல்.

யாருக்காவது படங்களைக் கொடுத்திருப்பார்களோ? அப்படித்தான் இருக்கும். அப்படித்தான்.

மார்ச் 17, திங்கள்

அந்தப் பெண்ணிடம் எப்போது சேர்ந்தாய் என்று கேட்டேன். உடனே பதில்: "ஜனவரி 19, சார். அன்னிக்கு என் பிறந்தநாள், அதான் ஞாபகம் இருக்கு. எங்க ஆபீஸ் அக்காதான் சேத்துக்கிட்டாங்க. சத்திரத்துல ஒரு மருத்துவச்சி சும்மா நின்னுட்டிருந்தா. அவ இனிமே வரமாட்டா, அவ தடி, பூட்ஸ் எல்லாம் கழட்டிக்கோன்னு அக்கா சொன்னாங்க."

பத்தொன்பது. நான் பஸ் ஏறி ரெண்டே நாள். பெட்டியக்கூடப் பிரிக்கல. இங்க தலகாணி இல்லாம துணி மூட்டைய வச்சுப் படுத்துட்டிருந்தேன், அங்க என் பூட்ஸக் கழட்டிட்டாளுங்க!

அந்த பூட்ஸ் எடுக்க மூணு ஞாயிறு ஆச்சுடி. மூணு ஞாயிறு.

இன்று ஒரு குழந்தையின் போட்டோவில் காதை வெட்டிவிட்டேன். முதலாளி திட்டாமல், அவரே வேறு படம் வெட்டிக் கொடுத்தார். என் மூஞ்சி அப்படி இருந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீஸ் அக்கா என்றால் குண்டூசிதான். அவளுக்கே போன் போட்டேன். உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு தரலாம் என்று.

"ஆட்டமெல்லாம் எங்க நிக்குது?"

"எங்கடி ஆடுறது, கம்ப்யூட்டரத் தொட்டே ரெண்டு மாசமாச்சு. நீ இல்லாம என்ன இருக்கு அதுல?"

தங்குதடையில்லாமல் சொன்னாள். நான் "ஆமாம்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

பதில் போட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

"முகப்படத்தை மூன்று அளவில் வைக்க வேண்டும். முழுப்பக்கத்துக்குப் பெரியது, பேசும்போது தெரிய நடுத்தரம், கீழ்வரிசைக்குச் சிறியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் நிழலைத்தான் காட்டும். உங்களிடம் சிறியது இல்லை. உங்கள் படத்தை வெட்டி இணைத்திருக்கிறேன். நெற்றிக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டேன். மற்ற மூன்று முகங்களும் நான் வரைந்தவை. நீங்கள் போட்டிருக்கும் பூட்ஸும் என்னுடையதுதான். பனியில் வழுக்காது, நன்றாக உழைக்கும்."

மார்ச் 21, வெள்ளி

என் பதிலை அந்தப் பெண் அக்காவிடம் காட்டியிருக்கிறாள் போல. ஒன்பது தவறிய அழைப்புகள். குண்டூசியிடமிருந்து செய்தி: "உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்டி சொல்லல."

அடடா, என்ன கரிசனம்.

மார்ச் 23, ஞாயிறு

நர்ஸ் போனில் அழுதாள். "நாலு பேர் இல்லாம கோட்டைக்குள்ள போக முடியலடி." முடியாதுதான், எனக்குத் தெரியாதா? அதனால்தானே வாசலில் நிற்பதாகச் சொன்னீர்கள்? கேட்டேன். மூக்கைச் சிந்திவிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிட்டாள். மருந்துக்கடைக்காரி இன்னும் கூப்பிடவில்லை. அவளாவது நடிக்கவில்லை.

அந்தப் பெண் தனியாக எழுதியிருந்தாள்: "மன்னிச்சுக்கோங்க அக்கா, உங்கள சார்னு வேற கூப்பிட்டுட்டேன். பூட்ஸ அந்த மருத்துவச்சிகிட்டயே திருப்பி வச்சுட்டேன்." மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னது இவள் ஒருத்திதான். வைத்துக்கொள்ளம்மா என்று எழுதிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்று கிழவிகளை அழித்தேன். மோவாய் முடியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அழித்தேன். நாலாவது கிழவியை மட்டும் பெரியது, நடுத்தரம், சிறியது என்று வெட்டி உள்ளே வைத்தேன்.

புது ஆட்டம், முதல் கட்டம். மருத்துவச்சிக்கு இருபது வயது என்கிறது கதை, படத்தில் தலை முழுக்க நரை. இருக்கட்டும். சத்திரத்துக்காரர் வழக்கம்போல, "கூட யாராவது வருகிறார்களா?" என்று கேட்டார். கீழே இரண்டு பதில்கள்: 'பின்னால் வருகிறார்கள்', 'நான் மட்டும்தான்'.

பழக்கதோஷத்தில் கை முதலாவதன் மேல் போனது. எடுத்து, இரண்டாவதை அழுத்தினேன்.