டிசம்பர் பதினைந்துக்குள் பதில்

ஜூன் 8, 2025. ஞாயிறு

சேலம் ஜங்ஷனில் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை. மனைவி ரஞ்சனி சூரமங்கலத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆங்கில வகுப்பில் இருக்கிறாள். வெளிநாடு போகிற நர்சுகளுக்கென்று தனியாக ஒரு தேர்வு உண்டு, அதற்கான வகுப்பு. மகள் கயல்விழியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மோகனூரிலிருந்து பஸ் மாறி இவளைக் கூட்டிவந்து விடுவது என் வேலை. முடிகிற வரை ரயில் பார்ப்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட வேலை.

ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் ஜன்னலோரத்தில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நானும் போகிறேன். கேரளா போகிற வண்டியில் இன்று ஒரு பெரியவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டே போனார். அவரோடு பாலக்காடு வரை போய்விட்டுத்தான் திரும்பினேன்.

அயர்லாந்துக்கு நர்சுகள் வேண்டுமாம். என்னைப் போல சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிகிற ஃபீல்டுமேன் வேண்டும் என்று எந்த நாடும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆக, நான் வெளிநாடு போக வேண்டுமென்றால் என் மனைவி போக வேண்டும். எருமப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு நிரந்தர வேலை. ஏழு வருஷம் தொகுப்பூதியத்தில் காத்திருந்து வாங்கியது. விடப்போகும் வேலை அவளுடையது, போகிற ஆசை என்னுடையது. எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் கோணலாகத்தான் தெரிகிறது.

ஜூன் 11

சென்னம்மாள் தோட்டத்தில் கரும்பு பதிவு. அளந்து முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கால்வே என்று ஒரு ஊர், அயர்லாந்தின் மேற்குக் கரையில். போன் வரைபடத்தில் அதன் தெருக்களில் நடக்கலாம். விரலால் தள்ளத் தள்ள முன்னால் போகும். நீலக் கதவு போட்ட ரொட்டிக்கடை எனக்குத் தெரியும். அதைத் தாண்டி ஒரு பாலம். பாலத்தில் சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர், முகம் மங்கலாக, எப்போது போனாலும் தெருவைக் கடக்கக் காத்திருப்பார். எனக்கு அவரை நன்றாகப் பழக்கம். தரை எப்போதும் நனைந்தே இருக்கிறது. இங்கே பங்குனியில் ஆரம்பித்த வெயில் இன்னும் இறங்கவில்லை.

“என்ன சாமி, போனுக்குள்ளயே நடந்துட்டிருக்கறே?” என்றார் சென்னம்மாள். “மோட்டார எடுத்து உடறேன், கால நனச்சுட்டுப் போ.”

எனக்கு ஊர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வேறெங்கோ ஒரு ஈரத் தெருவில் இன்னொரு இளஞ்செழியன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போகிறான் என்று தோன்றும், அவ்வளவுதான். அவனைப் போய்ப் பிடிக்க வேண்டும்.

ஜூன் 29

வகுப்பில் சீட்டு சீட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ், ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். தேர்வில் இதுவும் ஒரு பகுதி. வீட்டில் நான்தான் நோயாளி.

முதல் நாள் கால் உடைந்தவன். இரண்டாம் நாள் சர்க்கரை. இன்று தலைசுற்றல். சோபாவில் சாய்ந்து கண்களை மேலே செருகினேன். “ஏப்பா, சாவற மாதிரி நடிக்கச் சொல்லல, தலதான் சுத்துது” என்று கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். ரஞ்சனி சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு நிஜமாகவே தலை சுற்றுவது போல இருந்தது.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர். ஆலை கேட்டில் என்னை ‘அயர்லாந்து’ என்றே கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 10

சாயங்காலம் மொட்டை மாடியில் சீட்டுப் பயிற்சி. “இன்னிக்கு நான் பேஷண்டுங்க, நீங்க நர்சு” என்றாள் ரஞ்சனி. சீட்டில் இருந்தது: தனியாக வாழும் ஒரு வயதான அம்மா, வீட்டில் இரண்டு முறை விழுந்துவிட்டார், முதியோர் இல்லத்துக்கு வர மாட்டேன் என்கிறார், நர்ஸ் பேச வேண்டும்.

நான் பேசினேன். அருவி மாதிரி பேசினேன். அங்கே தோட்டம் இருக்கிறது, டாக்டர் எந்நேரமும் இருப்பார், ஜன்னலைத் திறந்தால் கடல், நனைந்த தெரு, நீலக் கதவு போட்ட ரொட்டிக்கடை... சீட்டில் ரொட்டிக்கடையெல்லாம் இல்லை. எனக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. ஐந்து நிமிஷம் முடிந்து போனில் மணி அடித்தது.

“ஃபெயிலுங்க.”

“ஏன், இங்கிலீஷ் தப்பா?”

“இங்கிலீஷெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. அந்தம்மாவுக்கு என்ன பயம்னு ஒருக்காக்கூட கேக்கலியே. கேக்கறதுக்குத்தானுங்க மார்க்கே.”

சீட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.

ஆகஸ்ட் 11

கேட்டதே இல்லியா நானு? கேட்டிருப்பனே. கல்யாணமாயி பன்னெண்டு வருஷத்துல ஒருதடவகூடவா கேக்காம இருந்திருப்பேன்? போன வருஷம் அந்த ஊர் நர்சிங் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டப்ப— நான்தான் எல்லாத்தையும் நிரப்புனேன். ‘இங்க ஒரு கையெழுத்துப் போடு’ன்னேன். அவ கையில மாவு. கழுவிட்டு வந்து போட்டா.

அவ்வளவுதான். அதுதான் நடந்துச்சு.

ஆகஸ்ட் 13

கேட்டேன். தமிழில், சீட்டு இல்லாமல். “ரஞ்சனி, போறதுல உனக்கு என்ன பயம்?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டை முடித்து அடுத்த கட்டைப் பிரித்தாள். நடுவில் பேச வாய் அரித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“வேலைய உடறது வலிக்குந்தானுங்க. ஆனா அது இல்ல” என்றாள். பிறகு, கீரையைப் பார்த்துக்கொண்டே: “இங்க பஸ்ல கூட்டமா இருந்தா, அயர்லாந்துல இப்பிடி இருக்காதும்பீங்க. கரண்ட் போனா, உங்க ஆபீசர் கத்துனா, குழம்புல உப்புச் சேந்துட்டா... எல்லாத்துக்கும் உங்களுக்கு அயர்லாந்து ஒண்ணு இருக்குதுங்க. அங்க போயி ஒண்ணு சரியில்லீன்னா அப்பறம் எங்கீங்க போவீங்க? என்ற மூஞ்சியத்தான பாக்கோணும்? அதுதானுங்க எனக்குப் பயம்.”

கீரைத் தண்டுகளை வாரி வெளியே போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20

கோயமுத்தூரில் தேர்வு எழுதினாள். வெளியே வந்ததும் முதலில் சொன்னது: “பசிக்குதுங்க.” ஆளுக்கு ரெண்டு தோசை.

அக்டோபர் 9

பாஸ். நாலு பகுதியிலும் பி. கயல் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 14

இன்று வேலைக் கடிதம் வந்தது. கால்வேயிலேயே ஒரு மருத்துவமனை. போன வாரம் வீடியோவில் நேர்காணல் நடத்தியவர்கள். இதே ஊராக அமைந்ததை என்னவென்று சொல்ல? டிசம்பர் பதினைந்துக்குள் பதில் எழுத வேண்டும். எனக்குக் கை கால் ஓடவில்லை. மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தபடியே வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ரஞ்சனி கடிதத்தை ரெண்டு தரம் படித்தாள். “பதில் நான் எழுதிக்கறேனுங்க” என்றாள். “அதுவரைக்கும் நம்ம ஊட்டுல அயர்லாந்துப் பேச்சே வேண்டாம். போனுலயும் அந்தத் தெருவுல நடக்கக் கூடாது. முடியுமுங்களா?”

முடியும் என்றேன். வேறென்ன சொல்வது. என்ன எழுதுவாள் என்று முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 17

சாப்பிடும்போது பேச ஒன்றுமே இல்லை. ரசம் ஊற்றினாள், போதும் என்றேன். இத்தனை வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஊரைப் பற்றித்தானா? அவளிடம் சொல்ல என்னிடம் வேறு எதுவுமே இல்லையா?

நவம்பர் 19

விரல் தானாகப் போன் வரைபடத்துக்குப் போகிறது. இழுத்துக்கொள்கிறேன். பீடியை விட்டவன் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 23. ஞாயிறு

ரஞ்சனிக்குப் பஸ் தப்பிவிட்டது. பைக்கில் எருமப்பட்டி கொண்டுபோய் விட்டேன். எப்போதும் கேட்டோடு திரும்பிவிடுவேன். இன்று திரும்பத் தோன்றவில்லை. கொல்லிமலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருந்தது. மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நடக்க முடியாமல் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரஞ்சனி வந்தாள். அதட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. அதன் முதுகில் கை வைத்து, “எங்க வலிக்குது, சொல்லு சாமி” என்றாள். அந்தப் பெண் என்னென்னமோ சொன்னது. வலி, புருஷன், மாமியார், பயம் எல்லாம். இவள் ‘ம்’ மட்டும் கொட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ரெண்டு பேரும் மெதுவாக உள்ளே போனார்கள், சேர்ந்து கோயில் சுற்றுகிறவர்கள் போல.

பெண்ணின் அம்மா எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். “நர்சம்மா ஊட்டுக்காரருங்களா? என்ற மூத்த புள்ளைக்கும் அவீங்கதானுங்க பாத்தாங்க. அவீங்க கைபட்டாப் பாதி வலி போயிருமுங்க.”

எனக்கு இது தெரியாது. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் திரும்பி வரும்போது, “பொண்ணா பையனா?” என்று கேட்டேன். “பையனுங்க” என்றவள், வளையப்பட்டி வருகிற வரை அந்தப் பையனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். காற்றில் பாதி வார்த்தை போய்விட்டது. வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

டிசம்பர் 3

இப்போதெல்லாம் தினமும் கேட்கிறேன். இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன ஆயிற்று என்று. இன்று ஒரு அம்மா, பிறந்த குழந்தைக்குப் பேர் வைக்கச் சொல்லி இவளிடமே கேட்டாராம். “என்ன வெச்சே?” “கயல்விழின்னு வெச்சுட்டேனுங்க, அவசரத்துக்கு வேற பேரே வரல.” எங்கள் கயல் கோபித்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்றாள். சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டிசம்பர் 7

ஆலையில் அரவை தொடங்கிவிட்டது. விடிவதற்குள் கிளம்பினால் ஆற்றோரம் முழுக்கப் பனி. கரும்பு டிராக்டர்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. விளக்கு முதலில் வருகிறது, சத்தம் பிறகு, டிரைவர் கடைசியில். இத்தனை வருஷம் இதே வழியில்தான் போயிருக்கிறேன். அழகாக இருக்கிறது.

டிசம்பர் 15. திங்கள்

சென்னம்மாள் கரும்பு இன்று வெட்டு. ரஞ்சனிக்கு ஓய்வு நாள். எனக்குச் சோறு கொண்டுவந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே வந்தாள். வெட்டுக்காரர்கள் சோற்றுக்கு உட்கார்ந்த நேரம், நாங்கள் ரெண்டு பேரும் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு சாப்பிட்டோம். சென்னம்மாள் ஒரு நுனிக் கரும்பை ஒடித்து அவளிடம் கொடுத்தார். “நுனி இனிக்காதுங்களே” என்றேன். “உனக்கா குடுத்தேன்? அந்தப் புள்ளைக்குக் குடுத்தேன்” என்றார். ரஞ்சனிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

கொக்குகள் வெட்டிய இடத்தில் இறங்கிப் புழு பொறுக்கின. நேற்று ஆலையில் டிராக்டர்கள் முட்டிக்கொண்டு கிடந்த கதையை அவளுக்குச் சொன்னேன். கையையெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லீங்களா?” என்றாள்.

“இருக்குது. சாயங்காலத்துக்கு என்ன பண்றே?”

“தோசைங்க” என்று சிரித்தாள். எதற்கு அப்படிச் சிரித்தாள் என்று தெரியவில்லை. நல்ல நாள்.

டிசம்பர் 17

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

காலையில் கயல் பள்ளிக்கூடம் போனதும் ரஞ்சனி சொன்னாள்: “முந்தாநேத்து எழுதிட்டேனுங்க.”

“என்னத்த?”

அவள் சுவர்க் காலண்டரைக் காட்டினாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. டிசம்பர் பதினைந்து! எந்தத் தேதிக்காக ஒரு மாதம் விரலைக் கட்டிக்கொண்டு இருந்தேனோ, அந்தத் தேதி என் கண்ணெதிரே வந்து, வாய்க்காலில் கால் நனைத்து, சோறு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. “என்ன எழுதினே?” என்றேன். வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பாள் என்று அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தாங்கிக்கொள்ளவும் முடியும் என்று தோன்றியது.

“வாரேன்னு எழுதியிருக்கேனுங்க.”

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டு வந்தது. அவள்தான் போய் இறக்கினாள்.

“வாய்க்கால்ல உக்காந்திருந்தமில்லீங்க, அன்னிக்கு நீங்க எங்கயும் போகல. முச்சூடும் இங்கயேதான் இருந்தீங்க. நானும் எப்பக் கேப்பீங்க, எப்பக் கேப்பீங்கன்னு பாத்தேன். தோசையக் கேட்டீங்க. இந்தாளோட எங்க வேணும்னாலும் போலாம்னு தோணுச்சுங்க. ஊட்டுக்கு வந்த உடனே எழுதிட்டேன்.”

“உனக்குப் போகோணும்னு இருக்குதா?”

“இருக்குதுங்க. எத்தன நாளா இருக்குது! நீங்களே எல்லாத்துக்கும் சேத்து ஆசப்பட்டுட்டா, நான் எங்கீங்க ஆசப்படறது? எடமே உடலீங்களே.”

அவள் மார்ச்சில் கிளம்புகிறாள். நானும் கயலும் பள்ளிக்கூட லீவுக்குப் பிறகு. இதையெல்லாம் அவள் யோசித்தே வைத்திருக்கிறாள்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்திருக்க வேண்டும். இல்லை. அங்கே நான் என்ன வேலைக்குப் போவேன்? எனக்குத் தெரிந்தது கரும்பு. அங்கே கரும்பு இருக்கிறதா? விடிகாலையில் எழுந்து எங்கே போவேன்? யார் என்னைச் சாமி என்று கூப்பிடுவார்கள்? இதையெல்லாம் ஏன் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை?

“எனக்குப் பயமா இருக்குது, புள்ள” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்ன பயம்னு சொல்லுங்க” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.