சூறைக்காவல் நிரலுக்கு எழுந்த எச்சரிக்கை குறித்து நெடுங்கரைக் கோமானுக்கு

அலை ஓயாத் தீவகத்தைத் தந்தைக்குப் பின் தாங்கி நிற்கும் வெண்துறை அரசி தோன்றிமாதேவி, நீரிணையின் அக்கரையில் நெல் விளைவு குன்றாத நெடுங்கரை நாட்டை ஆளும் கோமான் இளவெயினனார்க்கு எழுதுவித்த ஓலை. தங்கள் வயல்கள் செழிக்க. தங்கள் மீனவர் வெறும் வலையோடு திரும்பாதிருக்க.

சூறைக்காற்றை முன்னரே கணித்துச் சொல்லும் 'சூறைக்காவல்' என்னும் கணினி நிரலை, தாங்கள் அன்பின் கொடையாகத் தூதர் கொற்றங்குமரனார் கையில் அனுப்பியருளினீர்கள். அவையோர் காண அதை நிறுவ வேண்டுமெனத் தூதர் விரும்பினார், யாமும் இசைந்தோம். துறைமுகக் கணினிகளின் காப்பாளர் முத்துநங்கை நிறுவுகோப்பைத் திறந்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. இதை வெளியிட்டவர் யாரென அறிய இயலவில்லை, இயக்கினால் கணினிக்குத் தீங்கு நேரலாம் என்றது அது. சுவரளவு திரையாதலால் அவை முழுதும் அதைப் படித்தது. தூதர் முகம் கறுத்தது.

அவர் மனம் நோகலாகாதெனக் கருதி, அதைப் பொருட்படுத்தாமல் இயக்குமாறு யாமே ஆணையிட்டோம். முத்துநங்கை எழுந்து கைகூப்பிச் சொன்னதை, அவள் சொன்னவாறே எழுதுவிக்கிறோம்: "அம்மா, இது நல்லதாத்தான் இருக்கும். ஆனா கணினிக்கும் இதத் தெரியல, எனக்கும் தெரியல. நம்ம படகெல்லாம் இந்தக் கணினிய நம்பித்தான் கடல்ல கெடக்கு. செஞ்சவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அமுக்குறேன்."

நெடுங்கரையின் கொடையை நஞ்சென்றனர் என்று கூறித் தூதர் அன்றே கலமேறினார். அவர் அக்கரை சேருமுன் முத்துநங்கை, நிரலை ஆக்கிய மருதையனைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் சினக்கவில்லை. "புதுசா வெளியிட்டா எல்லாரையும் அப்படித்தான் கேக்கும், அக்கா. இன்னும் நெறைய பேரு இத எறக்கல. வெளியிட்டது நான்தான்னு காட்டுற கையொப்பச் சான்றிதழும் எனக்கு வரல. தூதருகிட்ட அப்பவே சொன்னேன், சின்ன விஷயம்னுட்டாரு" என்றாராம்.

ஒவ்வொரு கோப்பிற்கும் அதற்கே உரிய நீண்ட எழுத்துவரிசை ஒன்று உண்டு. கோப்பில் சிறிது மாற்றினாலும் வரிசை முற்றும் மாறிவிடும். அவர் தம்மிடமுள்ளதை வாசிக்க, அவள் எம்மிடம் வந்ததோடு ஒப்பிட்டாள். எழுத்துக்கெழுத்துப் பொருந்தியது. பிறகே எச்சரிக்கையைக் கடந்து நிரலை நிறுவினாள். இதற்குள் தாங்கள் எம் கரையிலிருந்து வரும் கலங்களுக்குத் துறைகளை மூடி, இரு நாட்டுப் படகுப்போக்கை நிறுத்திவிட்டீர்கள்.

கடந்த வெள்ளியன்று, வானில் மேகமே இல்லாத நேரத்தில், சூறை வருகிறதென நிரல் அறிவித்தது. சங்கொலித்துப் படகுகளைத் திருப்பினோம். தங்கள் நாட்டு மீனவரும் எம் துறையில் ஒதுங்கினர். மாலையில் அடித்த காற்று உப்புக் கிடங்கின் கூரையைப் பெயர்த்துச் சென்றது. உயிர் எதுவும் போகவில்லை. அவர்களைக் காத்த நிரல் மருதையனுடையது என்று முத்துநங்கை சொன்னபோது, அம்மீனவருள் ஒருவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். நாட்டிற்கு இழுக்குத் தேடினார் என்ற குற்றச்சாட்டில் மருதையன் சிறையிலிருப்பதை அவர் சொல்லியே யாம் அறிந்தோம்.

கோமானே, எம் கணினி அறியேன் என்றதேயன்றித் தீயது என்றதில்லை. நேற்றுப் பிறந்த நிரலை அது எங்ஙனம் அறியும்? மருதையனை விடுவித்து, அவருக்குக் கையொப்பச் சான்றிதழ் கிடைக்கத் துணைநின்று, படகுப்போக்கைத் திறந்தருள வேண்டுகிறோம். எம் நாட்டளவில் யாம் பிறப்பித்த ஆணையையும் தெரிவிக்கிறோம்: எச்சரிக்கை எழுந்த நிரலை, ஆக்கியவரைக் கேட்டுச் சரிபாராமல் எவரும் இயக்கலாகாது, அரசியே அருகில் நின்று சொன்னாலும் இயக்கலாகாது.

சங்கு முத்திரை இட்டு, வெண்துறைக் கோட்டையிலிருந்து விடுத்தோம். ஓலை கொணர்வோர் தங்கள் மீனவரே. மூடிய துறைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்பர். முதலில் அவர்களைக் கரையேற்றுக. எமக்கு மறுமொழி பிறகு வரலாம்.