ஒன்றாம் நிலையத்தின் கேம்பேட்

மார்ச் 3, காலை 07.10
நிலவின் தென்முனை. ஒன்றாம் பனி நிலையம். எழுதுவது வண்டி இயக்குநர் இசக்கியப்பன். இதைப் பின்னால் யார் திறக்கிறார்களோ அவர்களுக்காக.

காற்றழுத்தம் சரி. மின்கலம் சரி. பள்ளத்தில் ஆளில்லாத கொத்தன் வண்டி பனிக்கட்டி வெட்டுகிறது; நிலையத்துக்குள் இருந்து திரையைப் பார்த்து நான் ஓட்டுகிறேன். என்னோடு இருக்கும் ஒரே ஆள் ஜெபக்கனி. பாறை ஆய்வாளர். வெளியே அளவெடுக்கிறாள்.

சரக்குக் கலம் வந்தது. நான் கேட்ட மவுஸ் அதில் இல்லை. ஒரு கேம்பேட் இருக்கிறது, வீடியோ கேம் ஆடும் கைப்பிடி. பயிற்சிக் கூடத்தில் ஊரெல்லாம் பிடித்துத் தேய்த்தது. பிடியின் இடுக்கில் யாருடைய கை அழுக்கோ கறுத்துக் கிடக்கிறது. சோப்புப் போட்டுத் துடைத்தேன். போகவில்லை.

மார்ச் 3, மாலை 04.40
தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கொத்தனின் செயலி மவுஸுக்காக எழுதியது. திரையில் மேலிருந்து பார்க்கும் படம், நடுவில் வண்டி. தரையைக் கிளிக் செய்தால் வண்டி அங்கே போகும். ஒரு பொருளைக் கிளிக் செய்தால் போய் வெட்டும். இரண்டுக்கும் ஒரே பட்டன்.

கோவில்பட்டியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில் வாள்சண்டை விளையாட்டுகளும் இப்படித்தான். தரையைக் கிளிக் செய்தால் வீரன் நடப்பான், அரக்கனைக் கிளிக் செய்தால் வெட்டுவான். அதையும் கேம்பேடில் ஆடுவேன் என்று சிலர் வயரைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரலால் ஒரு திசையைச் சொல்லலாம். ஓர் இடத்தைச் சொல்ல முடியாது. எந்தக் கல்லூரியும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பிரித்துப் பார்த்தும் பூட்டிப் பார்த்தும் தெரிந்துகொண்டேன்.

தலைமையகம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. எந்தப் பொருள் பக்கத்தில் இருக்கிறதோ அதன்மேல் கர்சர் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எச்சில் இலையில் ஈ உட்காருவது போல. பார்க்கவே குமட்டுகிறது.

தலைமையகத்தின் ஷர்மிளா பானு: "இனிமே எல்லா நிலையத்துக்கும் இதுதான் சார். கிளவுஸ் போட்டுக்கிட்டே ஓட்டலாம். பழகிடும்."

இரண்டாம் நிலையத்தின் இயக்குநர் லூர்துராஜ்: "பெரியவரே, எங்களுக்குப் புதுசு அனுப்பிருக்கான். உமக்குத்தான் எச்சிப்பண்டம் வந்திருக்கு. நாலு நாளு முட்டிப் பாரும்."

என் பதில்: "நீரே முட்டும் வே."

மார்ச் 9, காலை 11.30
மவுஸ் செத்தது. மூன்று தடவை திறந்து ஒட்ட வைத்த மவுஸ். இந்த முறை உள்ளிருக்கும் விளக்கே போய்விட்டது. வேறு வழியில்லாமல் கேம்பேடைத் தொட்டேன். பனிக்கட்டியை நோக்கித் திருப்பினேன். கர்சர் பக்கத்தில் நின்ற விளக்குக் கம்பத்தில் போய் ஒட்டியது. கொத்தன் கம்பத்தை வெட்டிச் சாய்த்தது.

ஜெபக்கனி: "அண்ணாச்சி, கட்டி கேட்டா கம்பத்த வெட்டிட்டீங்களே. நாளைக்கு நான் அந்தப் பக்கம் வரட்டா வேண்டாமா?"

நான் கேட்டது கட்டி. வெட்டியது அவர்களுடைய ஏற்பாடு. விபத்துப் படிவத்தில் என் பெயரைப் போட மாட்டேன் என்று தலைமையகத்துக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10, காலை 10.05
புதுக் கம்பம் நடப் போன ஜெபக்கனிமேல் பள்ளத்துச் சுவர் சரிந்தது. உயிரோடு இருக்கிறாள். பனிப்பாளம் ஒன்று இடது காலை அமுக்கிக்கொண்டிருக்கிறது. காற்று பிற்பகல் ஒன்றரை வரை. இரண்டாம் நிலையத்திலிருந்து ஆள் வர மாலையாகும்.

கொத்தனால் பாளத்தை உடைக்கலாம். ஆனால் வண்டி பக்கத்தில் போனதும் கர்சர் ஒட்டப்போவது பாளத்தில் அல்ல. அவள் உடையின் அடையாள விளக்கு செயலிக்கு ஒரு பொருள். அதுதான் பக்கத்தில் இருக்கிறது.

காலை 10.50
ஒட்டும் பகுதியை முழுக்கப் பிடுங்கி எறிந்தேன். நானே எழுதினேன். கர்சர் வண்டியைச் சுற்றி ஒரே தூரத்தில் நிற்கும். கேம்பேடில் கட்டைவிரலுக்கு இருக்கும் ஸ்டிக்கைச் சாய்த்த பக்கம் போகும். சாய்த்தாலே கிளிக் அமுங்கியதாகக் கொள்ளும்.

சோதித்தேன். கையை எடுத்தால் கர்சர் இடப்பக்கம் ஊர்கிறது. ஸ்டிக் தேய்ந்த ஸ்டிக். பிரிக்க நேரமில்லை. அது எவ்வளவு இடப்பக்கம் இழுக்கிறதோ அதே அளவு வலப்பக்கம் தள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். இப்போது நிற்கிறது. அந்த வரி எதற்கு என்று உள்ளே குறிப்பு எழுதவில்லை. எழுதியவனுக்குத் தெரிந்தால் போதும்.

பகல் 12.20
வண்டியைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டேன். உள்ளங்கை வேர்த்து, அந்த அழுக்கு ஊறி, என் கையில் ஒட்டுகிறது.

ஜெபக்கனி: "வண்டி தெரியுது அண்ணாச்சி. பல்லெல்லாம் தெரியுது. பட்டன அமுக்கும்போது சொல்லிட்டு அமுக்குங்க."

நான்: "அமுக்கவே வேண்டாம். சாய்ச்சாலே வெட்டும்."

ஜெபக்கனி: "அப்போ தும்மக்கூடச் செய்யாதீங்க."

பகல் 12.55
பாளத்தின் வெளி ஓரம். சாய்த்தேன். வெட்டியது. கர்சருக்கும் அவள் தோளுக்கும் நடுவே என் நகத்தளவு இடம். மறுபடி சாய்த்தேன். மவுஸ் என்றால் ஒரு கிளிக், முடிந்திருக்கும். மூன்றாம் முறை. பாளம் பிளந்தது.

ஜெபக்கனி: "காலு வந்துட்டு. கொஞ்சம் இருங்க. அழுதுட்டு வாரேன்."

பிற்பகல் 01.20
வண்டிமேல் உட்கார்ந்து வந்தாள். கதவு மூடியது. கணுக்கால் எலும்பில் கீறல். கேம்பேடைக் குப்பைப் பெட்டியில் போட்டேன். வேறு ஒன்றும் இல்லாததால் திரும்ப எடுத்தேன்.

மார்ச் 11, காலை 09.00
ஷர்மிளா பானு: "எல்லாரும் உங்களப் பாராட்டுறாங்க சார். அந்த செட்டிங் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் விளக்கி அனுப்ப முடியுமா?"

என் பதில்: "நான் மவுஸ் கேட்டேன். மவுஸ் வரட்டும். அப்புறம் விளக்கறேன்."

ஜெபக்கனி கட்டுப் போட்ட காலோடு வந்து நின்றாள். "வீம்பு பிடிக்காதீங்க அண்ணாச்சி. ரெண்டு வரி எழுதிப் போட்டா கொறஞ்சா போயிருவீங்க?" குறைந்துதான் போவேன். இத்தனை வருடம் நான் சொன்னதில் ஒரு வரியை அவர்கள் படித்ததில்லை.

மார்ச் 14, மாலை 05.15
ஷர்மிளா பானு: "உங்க செட்டிங்க நிலையத்து நினைவகத்துலேருந்து எடுத்து எல்லா நிலையத்துக்கும் ஏத்திட்டோம் சார். ஆளையே காப்பாத்தின செட்டிங். மவுஸ இனி பட்டியல்லேருந்தே எடுத்தாச்சு."

கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். நான் எழுதியதைக் கொண்டே மவுஸை ஒழித்திருக்கிறார்கள். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் கண்டதில்லை.

வலப்பக்கம் தள்ளச் சொல்லிச் சேர்த்த அந்த வரி இந்தத் தேய்ந்த கேம்பேடுக்கு மட்டுமே பொருந்தும். புதியதில் இடப்பக்க இழுப்பு கிடையாது. கையை எடுத்தாலும் கர்சர் வலப்பக்கம் போகும். அதையே கிளிக் என்று எடுத்துக்கொண்டு வண்டியும் போகும். முதல் ஓட்டத்திலேயே பார்ப்பார்கள். திட்டிக்கொண்டே என்னிடம் வருவார்கள். வரட்டும். மவுஸ் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். இன்று நான் பேசப் போவதில்லை.

மார்ச் 15, காலை 08.12
லூர்துராஜ்: "பெரியவரே, கேக்கா? உம்ம செட்டிங்குல வண்டிய எடுத்தேன். ஸ்டிக்க விட்டுட்டேன். நிக்கல. வலப்பக்கமா ஊருது."

வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

லூர்துராஜ்: "எங்க ஆளு அமீன் நிக்கான். கேபிளு சரி பண்ணிக்கிட்டு. முதுகக் காட்டிட்டு நிக்கான். அவன் ரேடியோ வேற லைன்ல இருக்கு."

08.14
இடப்பக்கம் சாய்க்கச் சொன்னேன். கொஞ்சமாக. மயிரிழை.

லூர்துராஜ்: "சாய்ச்சா அந்தப் பக்கம் பாயுது. விட்டா மறுபடி இவன் பக்கம் வருது. எவ்வளவு சாய்க்கணும்? அளவச் சொல்லும் வே."

அளவு என் கேம்பேடில் இருக்கிறது. அவன் கேம்பேடில் இல்லை. ஜெபக்கனி அமீனின் அலைவரிசையைத் தேடுகிறாள்.

08.16
சொன்னேன்: "சாய்ச்சபடியே பிடியும் லூர்து. கையில இருந்து கழத்திராதியும். தள்ளுதது கேம்பேடு இல்ல. உள்ள நான் எழுதுன வரி. கேம்பேடே இல்லாட்டியும் அது தள்ளும்." இரைச்சல். எவ்வளவு போய்ச் சேர்ந்தது தெரியவில்லை. திரும்பச் சொன்னேன். திரும்ப

08.17
லூர்துராஜ்: "வயரப் புடுங்கிட்டேன் பெரியவரே. இப்போ நின்னுரும்லா?"