பக்கத்து வீட்டு நாயைக் குளிப்பாட்டுதல்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஒன்பதாம் நாள். பதினான்கு மாதம் மாத்திரையைத் தொடாமல் சுத்தமாக இருந்தவள், மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். காரணம் ஒரு கடைவாய்ப் பல். பிடுங்கிய டாக்டர், "வலி மாத்திரை ஏதாவது உங்களுக்கு ஒத்துக்காதா?" என்று கேட்டார். "எல்லாமே ஒத்துக்கும்" என்றேன். பொய் இல்லை. அதுதானே வியாதி.

ஆறு நாள் மாத்திரை தீர்ந்ததும், வேறு வேறு டாக்டர்களிடம் போய் வேறு வேறு பல்லைக் காட்டினேன். ஆறு வாரம். கூடவே இருக்கும் அக்கா ஜனீன் என்னைக் குளியலறைத் தரையிலிருந்து தூக்கிய அன்று அது முடிந்தது. "இன்னொரு தடவை உன்னை இப்படிப் பாக்க என்னால முடியாதுடி மெரின்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மிச்சமிருந்த மாத்திரையையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு அட்டையைத் தவிர.

ஆகஸ்ட் 6, வியாழன்

மாத்திரைப் பழக்கத்தை விட முயல்பவர்களின் குழுவுக்கு மறுபடி போனேன். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பின் பின்னறை. இந்தப் பக்கம் ஆகஸ்ட் என்றால் நடுக்குளிர். எட்டுப் பேர், ஒரு ஹீட்டர். அதுவும் இருமுகிறது. எனக்குத் துணையாக நொலீனைப் போட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாகத் தொடவில்லை.

"ஆசை வந்தா எனக்கு போன் போடு கண்ணு. அப்புறம் இருபது நிமிஷம் கையை சும்மா வெக்காத. இருபது நிமிஷத்துல அதுவே இறங்கிடும். நாயைக் குளிப்பாட்டு."

"எங்க வீட்டுல நாய் இல்லையே."

"பக்கத்து வீட்டுல?"

பக்கத்து வீட்டு ட்ரெவரிடம் கிரேவி என்று ஒரு நாய் உண்டு. நிறமும் அதேதான்.

"எல்லா மாத்திரையும் குடுத்துட்டியா?" என்று நொலீன் கேட்டாள். "குடுத்துட்டேன்" என்றேன். கோழி வடிவத்தில் ஒரு சமையல் கடிகாரம் பரிசாகக் கொடுத்தாள். திருகினால் இருபது நிமிடம் கழித்துக் கொக்கரிக்கும். பொய் சொன்னவளுக்குப் பரிசு.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மாலை நாலு மணிக்கு வந்தது. தாடையில் ஆரம்பித்து முழங்கால்வரை ஒரு அரிப்பு, உள்ளே, சொறிய முடியாத இடத்தில். கோழியைத் திருகினேன். வெந்நீர், சோப்பு, துண்டு. ட்ரெவரிடம் என்ன சொல்வது? நாற்பத்து நாலு வயதில், நூலகத்தில் வேலை பார்க்கும் பெண், உங்கள் நாயைக் குளிப்பாட்டட்டுமா என்று கேட்க முடியுமா? கேட்டேன்.

"ஏன், நாறுதா?" என்றார்.

"இல்ல. எனக்குத்தான் தேவைப்படுது."

கதவைத் திறந்துவிட்டார். "குளிர்காலம். காதுல தண்ணி போகாமப் பாத்துக்கோம்மா."

ஆகஸ்ட் 11, செவ்வாய்

கிரேவி.

ஆகஸ்ட் 12, புதன்

கிரேவி. இரண்டு முறை.

ஆகஸ்ட் 15, சனி

நான் துண்டோடு வெளியே வந்தால் கிரேவி காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ட்ரெவர் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "தெருவுல மத்த நாயெல்லாம் இவனை மோந்து பாத்துட்டு யாருடா நீன்னு போயிடுதுங்க" என்றார்.

நொலீனிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, சனி

இங்கே மட்டும் உண்மை எழுதலாமா? அட்டை தையல் டப்பாவில் இருக்கிறது. பழைய நீல பிஸ்கட் டப்பா. பொத்தான்களுக்கு அடியில், டப்பாவின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் தாளுக்கும் அடியில். பத்து மாத்திரை. நான் திறப்பதே இல்லை. ஆனால் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அது எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரிகிறது.

எதற்கு வைத்திருக்கிறேன்? ஒரு பாதுகாப்புக்கு. யாரிடமிருந்து பாதுகாப்பு? தெரிந்தால் தூக்கிப்போட்டிருப்பேனே.

செப்டம்பர் 10, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

குழுவில் வாரம் ஒருவர் தின்பண்டம் கொண்டுவர வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் இருக்கிறது. இந்த வாரம் என் முறை என்பதையே மறந்துபோனேன். அக்கா மறக்கவில்லை. நூலகத்திலிருந்து நேரே கிளப்புக்குப் போனால் மேசைமேல் நீல டப்பா.

"உங்கக்கா குடுத்துட்டுப் போனாங்க. ஓட்ஸ் பிஸ்கட்" என்றான் லியோன். மீன்பிடிப் படகில் இருந்தவன். பிஸ்கட்டை ஒவ்வொன்றாகத் தின்னும் வழக்கம் அவனுக்குக் கிடையாது.

இந்த ஊரில் பிஸ்கட் டப்பாவில் பொத்தான்தான் இருக்கும். எந்த வீட்டிலும் அப்படித்தான். அதை நம்பித்தானே வைத்தேன். ஜனீன் பொத்தான்களைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, பழைய தாள்மேல் புதுத் தாள் விரித்து, பிஸ்கட் அடுக்கியிருக்கிறாள். மாத்திரையை விட முடியாதவர்கள் எட்டுப் பேர் நடுவே பத்து மாத்திரை. மேலே முப்பது பிஸ்கட்.

டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"டப்பாவுக்குப் பால் குடுக்கறியா?" என்றாள் நொலீன்.

ஆளுக்கொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன். லியோன் நாலாம் முறை கையை நீட்டினான். தாள் தெரிய ஆரம்பித்தது. பேசும் முறை எனக்கு வந்தது. இன்றைக்கு நாற்பத்தாறாம் நாள், நன்றாகப் போகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இதுக்கடியில ஒரு அட்டை இருக்கு" என்றேன். "முதல்லேர்ந்தே இருக்கு. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

ஹீட்டர் மட்டும் இருமியது. லியோன் வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினான். "அப்ப இது..."

"அது பிஸ்கட்தான்."

விழுங்கினான். பிறகு, "நான் ஃப்ரீசர்ல மீன் வயித்துக்குள்ள வெச்சிருந்தேன்" என்றான். "எங்கம்மா அந்த மீனைப் பாதிரியாருக்குக் குடுத்துட்டாங்க. அவர் வீட்டு ஃப்ரீசரைத் திறக்கப்போய் மாட்டிக்கிட்டேன்."

"நான் பஸ்ல, தொலைஞ்ச சாமான் பெட்டியில, ஒத்தைக் கையுறைக்குள்ள" என்றாள் நொலீன். "ஒத்தைக் கையுறையைத் தேடி எவன் வரப்போறான்னு நினைச்சேன். வந்தாரு, ஒத்தைக் கை மனுஷன்."

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது சிரிப்பை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

மிச்ச மாத்திரையைத் திருப்பி வாங்கி அழிக்கும் மருந்துக் கடை ஏழுக்கு மூடும். எட்டுப் பேரும் இரண்டு காரில் போனோம். டப்பா நொலீன் மடியில், அவள் இரண்டு கையும் மூடிமேல். கல்லாவில் இருந்த பெண் எங்களையும் அந்த ஒற்றை அட்டையையும் பார்த்தாள். "திருப்பிக் குடுக்கறது யாரு?"

"நாங்கதான்" என்றான் லியோன்.

செப்டம்பர் 11, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். கிண்ணத்துப் பொத்தான்களைக் கிளறினாள். "நான் பழைய தாளை எடுத்துடணும்னுதான் நினைச்சேன்" என்றாள். "சோம்பேறித்தனம்." அப்புறம், "நாலு மணி ஆச்சே, நாயைப் பாக்கப் போகலையா?"

போனேன். இன்று மிக மோசம். வீட்டில் எந்தத் திசையிலும் எதுவும் இல்லை. கோழி இரண்டு முறை கொக்கரித்தது. நொலீன் போனிலேயே இருந்தாள், தன் பழைய பஸ் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு.

அக்டோபர் 3, சனி

கிரேவி. பதினைந்து நிமிடத்திலேயே ஆசை இறங்கிவிட்டது. பாதி நுரையோடு விட முடியுமா? முடித்தேன்.

அக்டோபர் 14, புதன்

கிரேவி.

நவம்பர் 7, சனி

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ட்ரெவர் வேலியோரம் வந்து நின்றார்.

"உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்?"

"இல்ல, நாய் நாறுது. மூணு வாரமா உன்னைக் காணோம்."

உள்ளே போய் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சரிதான்.

வெந்நீர் வைத்து, துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கோழியைத் திருகவில்லை.